விமான விபத்து இழப்பீடு: இந்தச் சட்டம் வந்த வழி

விமான விபத்து நடந்தால் முதல் இரண்டு நாள் எல்லாரும் இழப்பீட்டைப் பற்றிப் பேசுகிறோம். அந்த உரிமை எப்படி வந்தது என்று பலருக்குத் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

1929இல் வார்சாவில் கையெழுத்தான உடன்படிக்கைதான் தொடக்கம். சர்வதேசப் பயணத்தில் பயணி இறந்தால் இழப்பீடு பொதுவாக அதிகபட்சம் 1,25,000 தங்க பிராங்க் (தங்கத்தின் எடையை வைத்து மதிப்பிட்ட பிரெஞ்சு நாணயக் கணக்கு). விமானத் தொழில் அப்போது தவழும் குழந்தை. ஒரே விபத்தில் நிறுவனம் திவாலாகக் கூடாது என்று போட்ட வரம்பு அது. தொழில் வளர்ந்து பணம் கொழித்த பிறகும் வரம்பு போகவில்லை. 1955இல் ஹேக் நகரில் இரட்டிப்பாக்கினார்கள், அவ்வளவுதான். இறந்தவரின் குடும்பம் பல பத்தாண்டுகள் அந்தச் சுமையைத் தாங்கியது. இது எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது.

1999 மாண்ட்ரியல் உடன்படிக்கைதான் இதை மாற்றியது. குறிப்பிட்ட தொகை வரை, தன்மீது தவறில்லை என்று நிறுவனம் தப்பிக்க முடியாது. அதற்கு மேல் கேட்டால், தன் கவனக்குறைவு இல்லை என்று நிரூபிக்கவேண்டியது நிறுவனம்தான், குடும்பம் அல்ல. இந்தியா இதில் சேர்ந்தது 2009இல். மறு ஆண்டே மங்களூரு விபத்தில் 158 பேர் இறந்தார்கள். குடும்பங்கள் இந்தச் சட்டத்தை வைத்துத்தான் நீதிமன்றம் போயின.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் உறவினர் உள்ளவர்கள் அவசியம் கவனியுங்கள்: வழக்குப் போட 2 ஆண்டுதான் அவகாசம். பெட்டி சேதமானால் 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தரவேண்டும்.