14 நம்பர் ஸ்பேனர் மாட்டிக்கொண்ட நாள்

அண்ணனின் காரில், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை மாற்றிக்கொண்டிருந்தேன். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி ஒதுக்கியாயிற்று, பெல்ட்டை எடுத்தாயிற்று, மேல் போல்ட்டும் வந்துவிட்டது. மிச்சம் இருந்தது கீழே உள்ள நீளமான போல்ட் ஒன்றுதான். அதற்கு 14 நம்பர் ராட்செட் ஸ்பேனரைப் போட்டேன். கால் மணி நேரத்தில் அந்த ஸ்பேனர் போல்ட் தலைக்கும் பாடிச் சட்டத்துக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. இந்தப் பக்கமும் வரவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை.

எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சாதாரண ரிங் ஸ்பேனரில் 12 மூலை இருக்கும். ஒரு முறை தள்ளிவிட்டுக் கழற்றி மறுபடி போட, கைப்பிடிக்குக் குறைந்தது 30 டிகிரி அசைவு வேண்டும். ராட்செட் ஸ்பேனர் ஒரு திசையில் மட்டும் போல்ட்டைத் திருப்பும், எதிர்த்திசையில் சும்மா நழுவிவரும். அதன் ரிங்குக்குள் ஒரு பற்சக்கரம் உண்டு, பெரும்பாலும் 72 பல். 360-ஐ 72-ஆல் வகுத்தால் 5 டிகிரி. கைப்பிடி அந்த அளவு அசைந்தாலே அடுத்த பல்லில் விழுந்துவிடும். எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவே கை நுழையாத சந்தில் இது எவ்வளவு பெரிய வரம் என்பது, அந்தச் சந்தில் சாதாரண ஸ்பேனரோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும்.

அந்த போல்ட்டின் மரை ஒரு சுற்றுக்கு 1.25 மில்லிமீட்டர் நகரும். 16 சுற்று சுற்றினால் 20 மில்லிமீட்டர் வெளியே வந்துவிடும். டிக் டிக் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். போல்ட் வெளியே வர வர, ஸ்பேனரும் அதோடு சேர்ந்து சட்டத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. ஒரு கட்டத்தில் கைப்பிடி கனமாகத் திரும்பியது. துரு என்று நினைத்து இன்னும் இரண்டு தள்ளு தள்ளினேன். அதோடு முடிந்தது.

சரி, திருப்பி உள்ளே முடுக்கிவிட்டால் ஸ்பேனரை எடுத்துவிடலாமே என்று தோன்றும். என்னிடம் இருந்தது, திசை மாற்றும் லீவர் இல்லாத தட்டை வகை. அதில் திசையை மாற்ற ஸ்பேனரைக் கழற்றி மறுபக்கம் புரட்டிப் போட வேண்டும். கழற்றத்தான் முடியவில்லையே. பிடித்தபடியே பூட்டிக்கொள்ளும் வைஸ் கிரிப் குறடால் போல்ட்டின் நடுத்தண்டைப் பிடித்து வலப்புறம் திருகிப் பார்த்தேன். இங்கேதான் ராட்செட்டின் குணம் எனக்கு முழுதாகப் புரிந்தது. உள்ளே இருக்கும் தடுப்பு, போல்ட் அந்தத் திசையில் தனியாகத் திரும்ப விடாது. ஸ்பேனரையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போகும். கைப்பிடி சுற்றிவர இடம் இருந்தால் பரவாயில்லை. எனக்கு இருந்த இடத்தில் கால் சுற்றுகூட வராது, கைப்பிடி குழாயில் போய் இடித்து நின்றது. ரிங்கைப் போல்ட் தலையின் பின்பக்கமாகத் தள்ளி நழுவவிடலாம் என்றால், தலையோடு சேர்ந்த வட்டத் தகடு அங்கே மறித்தது.

அந்த நேரம் பார்த்து அண்ணன் போன் செய்தார். "முடிஞ்சுதாடா? ஆறு மணிக்குக் கிளம்பணும்." நான், "போல்ட் துரு பிடிச்சிருக்குண்ணா, கொஞ்சம் நேரமாகும்" என்றேன். போல்ட்டில் துரு ஒரு பொட்டுகூட இல்லை. ஸ்பேனர் மாட்டியதைவிட அந்தப் பொய்தான் இன்றுவரை உறுத்துகிறது. ஒரு மணி நேரம் கழித்து நானே கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். "சரி விடு, நான் பஸ்ல போய்க்கிறேன்" என்றார்.

கடைசியில் எஞ்சினைத்தான் இறக்க வேண்டியிருந்தது. எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்புக்குக் கீழே மரப்பலகை வைத்து ஜாக்கியில் தாங்கிக்கொண்டு, எஞ்சினைச் சட்டத்தில் தாங்கிப் பிடிக்கும் பெல்ட் பக்கத்து மவுண்ட்டைக் கழற்றி, மெல்ல மெல்லக் கீழே விட்டேன். போல்ட் தலை சட்டத்தின் ஓரத்தைத் தாண்டியதும் ஸ்பேனர் தானாகவே கையில் வந்தது. மீதி மரையை விரலாலேயே திருகி எடுத்துவிட்டேன். புது ஆல்டர்னேட்டரை வைத்ததும், எஞ்சினைத் தூக்குவதற்கு முன்பே அந்த போல்ட்டை உள்ளே போட்டு இறுக்கினேன். இரவு சர்வீஸ் மேனுவலை எடுத்துப் பார்த்தால், மவுண்ட்டைக் கழற்றி எஞ்சினை இறக்கிவிட்டே அந்த போல்ட்டைத் தொடச் சொல்லியிருந்தது. வேலைக்கு முன்னால் படித்திருக்க வேண்டிய பக்கம்.

இதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். சாதாரண ஸ்பேனரை ஒவ்வொரு தள்ளுக்கும் எடுத்துப் போடுகிறோம். அலுப்பான வேலைதான். ஆனால் அப்படி எடுக்கும்போதெல்லாம் முன்னால் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பது கைக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது. ராட்செட் அந்த அலுப்பை நீக்கும்போது அந்தத் தகவலையும் சேர்த்து நீக்கிவிடுகிறது. போட்ட ஸ்பேனரை எடுக்கவே தேவையில்லை என்பதால், எடுக்க முடியாமல் போன நொடியும் தெரிவதில்லை.

கண் பார்க்காத இடத்தில் கையை மட்டும் நம்பி இன்னொரு தவறும் செய்திருக்கிறேன். ஆயில் ஃபில்டரைக் கழற்றும்போது பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. தடவிப் பார்க்காமல் அதன் மேலேயே புது ஃபில்டரை முடுக்கினேன். ஸ்டார்ட் செய்த சில நொடியில் புது ஆயில் தரையெல்லாம் ஓடியது. இப்போது ஃபில்டர் உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்து, கழற்றிய ஃபில்டரில் வளையம் இருக்கிறதா என்று பார்க்காமல் புதியதைக் கையிலேயே எடுப்பதில்லை.

அப்புறம், ராட்செட் விஷயத்தில் என் பழக்கம் இதுதான். இறுகிக் கிடக்கும் போல்ட்டை முதலில் அசைக்க நீளமான ரிங் ஸ்பேனர் மட்டும். அந்தச் சின்னப் பற்கள் அவ்வளவு பாரத்துக்கானவை அல்ல. போல்ட் அசைந்த பிறகுதான் ராட்செட். இடுக்கான இடம் என்றால் லீவர் வைத்த வகை, அதுவும் லீவர் என் பக்கம் இருக்கும்படி. தலை கொஞ்சம் தடிமன்தான், ஆனால் திசையை மாற்றித் திரும்பி வரலாம். நாலு சுற்றுக்கு ஒரு முறை ஸ்பேனரைக் கழற்றிப் பார்ப்பேன். போல்ட் விரலுக்கு இளகிவிட்டால் விரல்தான்.

அந்தத் தட்டை 14 நம்பரை நான் ஒதுக்கிவிடவில்லை. நீண்ட மரைத்தண்டில் ஏறியிருக்கும் நட்டுக்கு அதைப்போல் வேறொன்று இல்லை. தண்டு ரிங்குக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடும். போன வாரம் அண்ணன் கார் சைலன்சரின் கிளாம்ப்பைக் கழற்ற அதை எடுத்தேன். பக்கத்தில் குந்தியிருந்தவர் கேட்டார்: "இதுவும் மாட்டிக்குமாடா?"

தண்டின் முனைக்கு முன்னால் அவர் விரலை விட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒரு கையளவு வெற்றிடம். "நீங்களே கழட்டுங்கண்ணா" என்று ஸ்பேனரை அவரிடம் கொடுத்தேன்.