மூன்று காலி டப்பாக்கள்

கோத்தகிரியில் மருந்துக்கடை கவுண்டரில் நிற்க ஆரம்பித்து 11 வருடம் ஆகிறது. ஒரு அக்காவிடம் நான் கேட்ட ஒரு கேள்விதான் இன்னும் உறுத்துகிறது.

தேயிலை பறிக்கப் போகிறவர். தைராய்டு குறைவு. 75 மைக்ரோகிராமில் தொடங்கிய மாத்திரை 100, 125 என்று ஏறி 150-க்கு வந்தும் டிஎஸ்எச் (தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) இறங்கவில்லை. கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது பொதுவான கணக்கு. 50 கிலோகூட இல்லாத உடம்புக்கு 150 அதிகம். "மாத்திரையை ஒழுங்கா போடுறீங்களா அக்கா?" என்று நாலு பேர் நிற்கும்போதே கேட்டுவிட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் மஞ்சப்பையிலிருந்து மூன்று காலி டப்பாக்களை எடுத்து வைத்தார். "பாத்துக்குங்க தம்பி." ஒவ்வொரு மூடியிலும் திறந்த தேதி பேனாவில் எழுதியிருந்தது, மகளின் கையெழுத்தில். எங்கள் பில்லோடு ஒப்பிட்டேன். ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

அப்புறம்தான் முறையாக விசாரித்தேன். வெறும் வயிற்றில், தண்ணீரோடு, அரைமணி கழித்தே டீ. இரும்புச்சத்து மாத்திரை ராத்திரி. எல்லாம் சரி. ஆனால் இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ரத்தம் ஏறவில்லை, அடிக்கடி வயிறு உப்புசம் என்றார். டாக்டருக்குச் சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்பினேன். அவர் சீலியாக் நோய்க்கு ரத்தப் பரிசோதனை எழுதினார். கோவையில் எண்டோஸ்கோபி செய்து, சிறுகுடலில் சதை எடுத்துப் பார்த்ததில் உறுதியானது.

கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் வயிற்றுக்குள் போனால், இந்த நோயாளிகளுக்கு எதிர்ப்புச் சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்கி, உறிஞ்சும் மெல்லிய இழைகளை மழுங்கடித்துவிடும். தைராய்டு மாத்திரை ரத்தத்தில் சேர்வதும் அந்தக் குடல் வழியாகத்தான். அரிசி தின்னும் ஊரில் இது யாருக்கும் சட்டென்று தோன்றாது. ஆனால் எங்கள் மலையில் டீ என்றால் கூடவே வர்க்கி. வர்க்கி, கோதுமையிலிருந்து வரும் மைதாவில் செய்யும் மொறுமொறு பண்டம்.

வர்க்கி, பரோட்டா, ரவை, சேமியா எல்லாம் நின்றது. கூட்டுப்பெருங்காயத்தில் கோதுமை மாவு இருப்பதை டப்பாவைத் திருப்பிக் காட்டினேன். ராகி, சாமைக்குத் தடையில்லை. கேள்விப்பட்ட சிலர் தாங்களும் கோதுமையை நிறுத்தலாமா என்றார்கள். வேண்டாம், பரிசோதனைக்கு முன்பே நிறுத்தினால் நோய் இருந்தாலும் தெரியாமல் போகலாம்.

குடல் ஆற ஆற, அதே 150 அதிகமாகிப் படபடப்பு வரும். அதனால் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச் பார்த்து டோஸைக் குறைத்தார் டாக்டர். போன வாரம் அக்கா மறுபடி 75-க்கு வந்தார். டப்பாவைக் கையில் வாங்கியதும், மூடியில் தேதி எழுத என் பேனாவைக் கேட்டார்.