ஓய்வுபெற்ற மோப்ப நாயின் மருந்துச் செலவு யாருடையது?

தண்டையார்பேட்டையில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். இந்தப் பக்கம் பந்தயப் புறா வரும், பூனை வரும், தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாய்கள் நிறைய வரும். நடுநடுவே வேலை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்ட மோப்ப நாய்களும் வரும். ஊசி போடும்போதுகூட அசையாமல் நிற்கும். வலித்தாலும் காட்டிக்கொள்ளாது. அதனால்தான் அவற்றை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஏட்டய்யா ஒருவர் லாப்ரடார் ஒன்றை அழைத்து வருவார். வெடிகுண்டு தேடிய நாய். இடுப்பு மூட்டு தேய்ந்து, பின்னங்கால் சதை வற்றிவிட்டது. வெடிமருந்து வாசனை வந்தால் குரைக்காமல், தொடாமல், அப்படியே உட்கார வேண்டும் என்பதுதான் அதற்குக் கொடுத்த பயிற்சி. தீபாவளி சமயம் பக்கத்து வீட்டுப் பையன் பட்டாசுப் பையை வாசலில் வைத்திருக்கிறான். இது போய் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டதாம். இடுப்பு அந்த நிலையில் இருக்கும்போது உட்காருவதும் எழுவதும் எவ்வளவு வேதனை என்று எக்ஸ்ரே பார்த்த எனக்குத் தெரியும்.

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு இரண்டுக்கும் இடுப்புக் கோளாறு பரம்பரையாக வர வாய்ப்பு உண்டு. ஆனால் உயரமான வண்டியிலிருந்து குதித்து இறங்குவது, படிக்கட்டுகள், சிமெண்டுத் தரை என்று வருடக்கணக்கில் உழைத்தால் தேய்மானம் கூடத்தானே செய்யும்? முதுமை என்ற ஒரு சொல்லில் இதை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. இதில் வேலை செய்ததன் பங்கும் இருக்கிறது.

பணியில் இருந்தவரை சாப்பாடு, டாக்டர், மருந்து எல்லாம் அரசுச் செலவு. ஓய்வு கொடுத்து வளர்ப்பவரிடம் நாயை ஒப்படைத்த நாளோடு அது நின்றது. "பென்ஷன் எனக்குத்தானே வருது டாக்டர், அவனுக்கு இல்லையே" என்றார் ஏட்டய்யா. குறையாகக்கூடச் சொல்லவில்லை. மாத்திரை சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்று பாதியாக உடைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்திருக்கிறார். வலி மாத்திரையைத் தொடர்ந்து கொடுக்க வேண்டுமென்றால் இடையிடையே ரத்தம் எடுத்து சிறுநீரகம், கல்லீரல் இரண்டையும் பார்க்க வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்து, மனிதர்கள் சாப்பிடும் வலி மாத்திரையை மெடிக்கலில் வாங்கிக் கொடுப்பவர்களும் உண்டு. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாய்க்கு வயிற்றில் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். தயவுசெய்து கொடுக்காதீர்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கட்டணம் குறைவுதான். ஆனால் நடக்க முடியாத பெரிய நாயை ஏற்றிக்கொள்ள ஆட்டோ கிடைக்க வேண்டுமே. இன்சூரன்ஸ் எடுக்கலாம் என்றால், வயது கடந்த நாயைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. ஏற்கெனவே இருக்கிற நோய்க்கும் பணம் தருவதில்லை.

வேறு இடங்களில் இதை யோசித்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம்ஷயர் போலீஸ் 2013இல், ஓய்வுபெறும் நாய்க்கு வருடம் 500 பவுண்டு வரை, 3 வருடத்துக்கு மருத்துவச் செலவு தருவதாக அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் 8 வயதில் ஓய்வுபெறும் நாய்க்குச் செலவு கூடுவதே 11 வயதுக்கு மேல்தான், அந்த நேரத்தில் பணம் நின்றுவிடுகிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் 2022இல் சட்டமே போட்டு, வருடத்துக்கு 3 லட்சம் டாலர் ஒதுக்கியது. ஒரு நாய்க்கு வருடம் 1,500 டாலர் வரை, வளர்ப்பவர் செலவழித்ததைத் திருப்பித் தருகிறார்கள். நம் பக்கத்திலேயே கேரள போலீஸ் 2019இல் திருச்சூர் போலீஸ் அகாடமியில் 'விஸ்ராந்தி' என்று ஓய்வு இல்லம் திறந்தது. அதுவும் தேவைதான். ஆனால் கூடவே வேலை செய்த ஆளோடு வீட்டில் இருக்க முடிகிற நாய்க்கு அதைவிட நல்ல இடம் இல்லை. அப்படி வீட்டுக்குப் போகிற நாயின் பின்னாலேயே பணமும் போக வேண்டும்.

பெரிய திட்டம் எதுவும் நான் கேட்கவில்லை. நாயை ஒப்படைக்கும்போது அதன் மருத்துவக் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள். பணியில் பட்ட காயம், எடுத்த எக்ஸ்ரே எல்லாம் அதில் இருக்கட்டும். அப்புறம், 6 மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனையும் வலி மாத்திரையும் நாயின் ஆயுள் முழுக்க அரசுக் கணக்கில் போகட்டும். பில்லை வளர்ப்பவர் கட்டிவிட்டு அலுவலகம் அலுவலகமாக அலையாமல், பார்க்கிற மருத்துவமனைக்கே பணம் வந்துவிட வேண்டும். கையில் பணம் இருந்தால் ஏட்டய்யா அந்த மாத்திரையை உடைத்திருக்கவே மாட்டார்.