அலுமினிய ஷீட்டில் மோனோகாக்: சான்றிதழை நம்பி ஷீட் வாங்காதீர்கள்

தனியாகச் சட்டம் இல்லாமல், வளைத்து ரிவெட் அடித்த ஷீட் பெட்டியே சேஸியாக நிற்பதுதான் மோனோகாக். அப்படி ஒரு காரை நானே கட்டியபோது, நன்றாக வளையும் 5052 ரக அலுமினியம் என்று சொல்லி விறைப்பான 6061 ரகத்தைத் தலையில் கட்டினால் என்ன ஆகும் என்பதைப் பணம் கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

நான் கேட்டது 5052-எச்32 (எச்32 என்பது கடினத்தன்மைக் குறியீடு), 1.6 மி.மீ., எட்டுக்கு நாலு ஷீட். பில்லிலும் டெஸ்ட் சர்டிபிகேட்டிலும் அப்படித்தான் இருந்தது. கோவையில் ஒரு பெண்டிங் பட்டறையில் முதல் சில் பாக்ஸை பிரஸ் பிரேக்கில் வைத்து வளைத்ததும், வளைவின் வெளிப்பக்கம் நீளவாக்கில் விரிசல் ஓடியது. ஆபரேட்டர் அலட்டிக்கொள்ளவே இல்லை. “மேல ஒரு வெல்டு இழுத்துக்கலாம் கண்ணு” என்றார். வீட்டு கேட்டுக்கு அது சரி. கூரையில்லாத காரில் கதவுக்குக் கீழே ஓடும் அந்தப் பெட்டிதான் முறுக்கைத் தாங்குகிறது. போதாக்குறைக்கு, என் கைக்கு வந்திருந்த 6061, சூட்டில் பதப்படுத்திக் கடினமாக்கிய டி6 வகை; அதில் வெல்டு அடித்தால் சுற்றியுள்ள இடமும் வலுவிழந்துவிடும்.

டீலரிடம் போனால், “ரோல் ஓடுற திசையிலயே வளைச்சா விரியத்தாங்க செய்யும்” என்றார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் குறுக்கே வெட்டிய துண்டும் வைஸில் மடக்கியதும் பிளந்தது. லேபில், உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ டெஸ்ட் எடுத்தேன். 5052 என்றால் மக்னீசியம் 2.2 முதல் 2.8 சதவீதம் இருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் 1 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது, சிலிக்கன் மட்டும் எகிறியிருந்தது. அச்சு அசல் 6061. அதைக் காட்டிய பிறகும் வெட்டாத ஷீட்டை மட்டுமே மாற்றிக் கொடுத்தார். வெட்டியதெல்லாம் எடைக்குப் போனது.

ஆகவே, ஷீட்டை வண்டியில் ஏற்றும் முன் விரலகலத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, வைஸில் வைத்து 90 டிகிரி மடக்கிப் பாருங்கள். 5052 பணிந்து கொடுக்கும். 6061-டி6 அந்த இடத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

புது ஷீட் ஒழுங்காக வளைந்தது. அப்புறம் அடுத்த கூத்து. வரைபடத்தில் ‘உள்ளளவு’ என்று எழுதியிருந்தும் வெளியளவாக எடுத்து வளைத்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 3.2 மி.மீ. குறைந்ததால் பல்க்ஹெட் (குறுக்கே நிற்கும் தடுப்புத் தகடு) உள்ளே இறங்கவில்லை. வளைத்த ஷீட்டை நிமிர்த்தி மறுபடி வளைப்பது ஆபத்து. பல்க்ஹெட்டைத்தான் சின்னதாகச் செய்துகொண்டேன். முதல் பீஸை நீங்களே நின்று அளந்துவிட்டு அடுத்ததை வளைக்கச் சொல்லுங்கள்.

பட்டறையில் பார்த்தவர்கள் எல்லோரும் “பேசாம டியூப் வெல்டு பண்ணி சேஸி கட்டிருக்கலாமே தம்பி” என்றார்கள். 1962இல் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் லோட்டஸ் 25 பந்தயக் காருக்கு அலுமினிய ஷீட்டை ரிவெட் அடித்துத்தான் சேஸி செய்தார், மறு வருடம் ஜிம் கிளார்க் அதில் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் ஆனார் என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் அசரவில்லை.

ரிவெட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். ஹார்டுவேர் கடை பாப் ரிவெட்டில் நடு ஆணி உடைந்து கழன்றுவிடும், உள்ளே வெறும் குழாய்தான் மிஞ்சும். ஆணி உள்ளேயே பூட்டிக்கொள்ளும் ஸ்ட்ரக்சுரல் ரகம் வாங்குங்கள். 4.8 மி.மீ. ரிவெட்டுக்கு 4.9 ஓட்டை, ஓட்டையின் மையம் ஷீட் விளிம்பிலிருந்து 10 மி.மீ.யாவது தள்ளி இருக்கட்டும். எல்லாவற்றையும் துளைத்தபின் முழுவதும் பிரித்து, பிசிறு எடுத்து, எப்பாக்சி தடவி மறுபடி சேர்க்க வேண்டும். சலிப்பான வேலை. இதைச் செய்யாமல் விட்டால் பிசிறு இரண்டு ஷீட்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். சஸ்பென்ஷன் பிராக்கெட் இரும்பு என்பதால், அது அலுமினியத்தைத் தொடும் இடமெல்லாம் அரிப்பைத் தடுக்கப் பிரைமர் கட்டாயம்.

ரோட்டில் ஓட்ட முடியுமா என்று கேட்பவர்களுக்கு: மத்திய மோட்டார் வாகன விதி 126இன்படி தயாரிப்பாளர் முன்மாதிரி வண்டியை ஏஆர்ஏஐ (புனேயில் உள்ள வாகனச் சோதனை நிறுவனம்) போன்ற அமைப்பில் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். வீட்டில் கட்டிய ஒற்றைக் காருக்கு அது நடக்கிற காரியமில்லை. என் கார் கரி மோட்டார் ஸ்பீட்வே டிராக்குக்கு மட்டும்தான்.

கடைசியில் சேஸி எவ்வளவு முறுக்கைத் தாங்குகிறது என்று முறுக்கிப் பார்த்தோம். பின்பக்கத்தைத் தரையோடு போல்ட் போட்டு, முன்பக்கம் குறுக்குச் சட்டத்தின் ஒரு முனையில் எடைக்கற்களைத் தொங்கவிட்டு, நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்தோம். எடையை இறக்கியதும் முள் நேராகப் பூஜ்யத்துக்கே திரும்பியது. ஒரு ரிவெட்டும் நகரவில்லை. “தேவலையே!” என்றார், வெல்டு இழுக்கச் சொன்ன அதே ஆபரேட்டர்.

இன்னொன்று: சில் பாக்ஸ் மூடியை ரிவெட் அடிக்கும் முன் பிரேக் பைப்பும் ஒயரிங் குழாயும் உள்ளே போய்விட்டனவா என்று பாருங்கள். மூடிய பிறகு கை நுழையாது.