மார்பெலும்பு கூடும் வரை

இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் அடைபட்ட இரத்தக் குழாய்களைப் பற்றி மருத்துவரிடம் நிறையக் கேட்கிறார்கள். பிளந்த நெஞ்செலும்பு எப்படிக் கூடும், வலி எங்கெங்கே இருக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. கோலாலம்பூரில் அந்தச் சிகிச்சையை முடித்துக்கொண்டு செந்தூல் வீட்டுக்குத் திரும்பியவன் என்ற முறையில், அதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

மார்பெலும்பை மேலிருந்து கீழாக ரம்பத்தால் பிளந்து, இரு பக்கமும் விரித்துப் பிடித்து, வேலை முடிந்ததும் எஃகுக் கம்பிகளால் முறுக்கிக் கட்டுகிறார்கள். அந்தக் கம்பிகள் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும். எலும்பு கூடி உறுதிப்பட 6 முதல் 12 வாரங்கள் ஆகலாம். நடுமார்பில்தான் வலிக்கும் என்று எண்ணியிருந்த எனக்கு, தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்தடியிலும் எழுந்த வலிதான் தூக்கத்தைக் கெடுத்தது. நெஞ்சுக்கூட்டை விரிக்கும்போது விலா எலும்புகள் முதுகெலும்போடு சேரும் இடங்களும் இழுபடுகின்றன என்று இயன்முறைச் சிகிச்சையாளர் விளக்கிய பிறகே அச்சம் தணிந்தது. மார்பின் உட்புறத் தமனியை (இரத்தக் குழாயை) எடுத்து இதயத்தில் பொருத்தியவர்களுக்கு அந்தப் பக்கத் தோல் மரத்துப்போவதும், சட்டை உரசினாலே எரிவதும் மாதக்கணக்கில் நீடிக்கலாம்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வலி மாத்திரையைப் பற்றித்தான். என்னைப் பார்க்க வந்த பெரியம்மா, "மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் ஐயா" என்றார். அன்பினால் சொன்ன சொல்தான். அவருடைய அச்சத்திலும் ஓரளவு நியாயம் உண்டு, ஏனெனில் கடையில் நாமாக வாங்கும் சில வலி மாத்திரைகள் பைபாஸ் செய்தவர்களுக்கு ஆகாதவை. ஆனால் மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையைத் தவிர்த்து, வலிக்குப் பயந்து மூச்சை மேலாக மட்டும் இழுப்பவரின் நுரையீரல் அடிப்பகுதி சுருங்கிக்கொள்ளும். இருமாமல் அடக்கினால் சளி தேங்கி, அதில் கிருமி சேர்ந்து நிமோனியாவில் கொண்டுபோய்விடும். ஆகவே வலி உச்சத்துக்கு ஏறும்வரை காத்திராமல், சொன்ன நேரத்தில் மாத்திரையைப் போட்டுக்கொள்வதுதான் சரி.

இருமுவதையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. தாதி ஒரு தலையணையை இரண்டாக மடித்து என் மார்பின்மேல் வைத்து, இரு கைகளாலும் இறுக அணைக்கச் சொன்னார்; அப்படி அணைத்துக்கொண்டு இருமியபோது எலும்பு பிரிந்துவிடுமோ என்ற திகில் இல்லை. மூன்று பந்துகள் கொண்ட மூச்சுப் பயிற்சிக் கருவியில் முதல் பந்து மட்டும் அசைந்து, மற்ற இரண்டும் அடியிலேயே கிடந்த நாள்களில் மனம் மிகவும் சோர்ந்தது. அந்தச் சோர்வும் இந்தச் சிகிச்சைக்குப் பின் பலருக்கு வருவதுதான் என்பதை வீட்டார் அறிந்திருப்பது நல்லது.

வீட்டில் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்குவது மட்டுமன்று, வாசலின் கனத்த இரும்புக் கேட்டை இழுப்பதும் கூடாது. படுக்கையிலிருந்து எழும்போது கையை ஊன்றி உந்தாமல், பக்கவாட்டில் புரண்டு, கால்களைத் தொங்கவிட்ட பின் எழ வேண்டும். நடைப்பயிற்சி மட்டும் தவறக்கூடாது. நான் முதலில் வீட்டுக்குள்ளும், பிறகு விடியற்காலையில் தித்திவங்சா ஏரிப் பூங்காவிலும் நடந்தேன்.

காயம் ஆறுவதற்கு ஹாருவான் எனப்படும் விரால் மீன் சூப் கொடுப்பது இங்கே வழக்கம். குடிப்பதில் தவறில்லை, ஆயினும் இனிப்புநீர் உள்ளவர்களுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால், எந்தச் சூப்பும் காயத்தைக் காப்பாற்றாது. காயத்தில் சீழோ சிவப்போ தெரிந்தாலும், காய்ச்சல் வந்தாலும், திரும்பிப் படுக்கும்போது மார்பெலும்பு 'கிளிக்' என்று நகர்வதாகத் தோன்றினாலும், அடுத்த பரிசோதனை நாள் வரை பொறுக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.