1 கோடியே 40 லட்சம் சர்வர்களும் கப்பலூர் அண்ணனின் ஒரு சர்வரும்

2024 ஜூலையில் ஓபன்எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்தே சர்வருக்குள் நுழைந்து வேலை செய்ய உதவும் மென்பொருள்) பற்றி வந்த செய்திகள் ஞாபகம் இருக்கும். "1 கோடியே 40 லட்சம் லினக்ஸ் சர்வர்களுக்கு ஆபத்து" என்கிற மாதிரி தலைப்புகள். ரெக்ரெஷன் என்று பெயர் வைத்து ஜூலை 1 அன்று குவாலிஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அதில் இருந்த பாதுகாப்பு ஓட்டையை வெளியிட்டது. ஓட்டை நிஜம்தான், லேசானதும் இல்லை, பாஸ்வேர்டே தெரியாமல் ரூட் வரைக்கும், அதாவது சர்வரின் முழு அதிகாரம் வரைக்கும், போய்விடலாம். 2006இல் அடைத்ததை 2020இல் ஒரு கோட் மாற்றம் மறுபடி திறந்துவிட்டிருந்தது.

என் சண்டை அந்த எண்ணோடுதான். இணையத்தில் இருக்கும் சர்வர்களைத் துழாவிப் பட்டியலிடும் சென்சிஸ், ஷோடான் தேடலில் தென்பட்டவற்றை வைத்து, இத்தனை சர்வர்கள் பாதிக்கப்பட வாய்ப்பு உண்டு என்றுதான் குவாலிஸ் சொன்னது. அதே அறிக்கையில், தங்கள் வாடிக்கையாளர்களின் சர்வர்களில் வெளியே தெரிகிற, ஓட்டையுள்ளவை சுமார் 7 லட்சம் என்றும் இருந்தது. இரண்டும் ஒரே கணக்கு இல்லை, சரி, ஆனால் தலைப்புக்குப் போனது எது என்று பாருங்கள். சில இடங்களில் "வாய்ப்பு உண்டு" என்பதும் காணாமல் போய், அத்தனையும் ஹேக் ஆகிவிட்டது போலவே எழுதியிருந்தார்கள். அழகர் இறங்கும்போது வைகைக் கரையில் நிற்கிற கூட்டம் மொத்தத்தையும் செயின் பறிகொடுத்தவர்கள் என்று எழுதினால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

குவாலிஸ் இந்த ஓட்டை வழியாக நுழைந்து காட்டியது 32 பிட் என்கிற பழைய வகை லினக்ஸில். அதிலேயே சராசரியாக 10,000 முயற்சி, ரூட் கிடைக்க 6 முதல் 8 மணி நேரம். 64 பிட்டில் அப்போது செய்து காட்டவில்லை. இன்றைக்கு நாம் வாடகைக்கு எடுக்கிற சர்வர்கள் அநேகமாக எல்லாமே 64 பிட். அதற்காக பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் திருத்தம், போடாமல் இருக்கச் சொல்லவில்லை, அன்றைக்கே போட வேண்டியதுதான். ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக சர்வரை அணைக்க வேண்டுமா, காலையில் அப்டேட் கொடுத்தால் போதுமா என்று முடிவு செய்ய இந்த விவரம்தான் வேண்டும், அதைத்தான் வெட்டிவிடுகிறார்கள்.

மதுரைப் பக்கம் கப்பலூரில் ஒரு சின்னக் கம்பெனி சர்வரை நான் பார்த்துக்கொள்கிறேன். முதலாளி அண்ணன் டீக்கடையில் பேப்பரைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே போன் பண்ணினார். "தம்பி, அந்த 1 கோடியே 40 லட்சத்துல நம்மளும் இருக்கமா?" இல்லை அண்ணே என்றேன். அவருடையது சென்ட்ஓஎஸ் 7 என்கிற லினக்ஸ் வகை, அதில் இருப்பது ஓபன்எஸ்எஸ்ஹெச் 7.4. இந்த ஓட்டை 8.5இல்தான் திரும்ப வந்தது. அவருக்குப் பெரிய நிம்மதி. எனக்குத்தான் இல்லை, ஏனென்றால் அந்த ஓட்டை வெளியானதற்கு முந்தின நாள், ஜூன் 30ஆம் தேதியோடு, சென்ட்ஓஎஸ் 7க்கு ஆயுள் முடிந்துவிட்டது. இனி எந்த ஓட்டை வந்தாலும் அதற்குப் பேட்ச் வராது. பில்லிங் சாஃப்ட்வேர்காரர் புதுசுக்கு மாற மாட்டேன் என்று மாசக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு நிஜமாகவே ஆபத்து இதுதான், ஆனால் நான் பார்த்த எந்தச் செய்தியிலும் இது ஒரு வரி கூட இல்லை. தேதி குறித்துவிட்டு வருகிற ஆபத்துக்குப் பரபரப்பு கிடையாது போல.

ஒருவழியாக ஆல்மாலினக்ஸ் 9 என்கிற வேறு லினக்ஸ் வகைக்கு மாற்றினோம். வேடிக்கை என்னவென்றால் அதில் இருந்தது ஓபன்எஸ்எஸ்ஹெச் 8.7. வெளியிலிருந்து வெர்ஷன் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இப்போதுதான் அவர் சர்வர் ஓட்டையுள்ளதாகத் தெரியும்! ரெட் ஹேட், ஆல்மா லினக்ஸ் வகையறாக்கள் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய வெர்ஷனிலேயே ஒட்டிவிடுவார்கள், எண் மாறாது. டெபியன், உபுண்டு என்கிற லினக்ஸ் வகைகளும் அப்படித்தான், என்ன, வால் எண்ணில் கொஞ்சம் அடையாளம் தெரியும். வெர்ஷன் எண்ணை வைத்துப் போடுகிற எந்தக் கணக்கிலும் இந்தக் குழப்பம் உண்டு.

எல்லாப் பழியையும் நிருபர் மேல் போடவும் முடியாது. அதே வருஷம் செப்டம்பரில் கப்ஸ் என்ற லினக்ஸ் மென்பொருள் விவகாரம். அதில் ஓட்டைகளைக் கண்டுபிடித்த சிமோனே மார்கரிடெல்லியே முதலில் எக்ஸ் தளத்தில், எல்லா லினக்ஸுக்கும் பாதிப்பு, தீவிர மதிப்பெண் 10க்கு 9.9 என்று போட்டுவிட்டார். விவரம் எதுவும் வெளியே வராத அந்த சில நாட்களில் செய்திக்காரர்களுக்கு 9.9ஐத் தவிர எழுத ஒன்றுமில்லை. 26ஆம் தேதி விவரம் வந்தபோது பார்த்தால் பிரிண்டர் சமாச்சாரம். நெட்வொர்க்கில் பிரிண்டர் தேடும் கப்ஸ்-பிரவுஸ்டு ஓடிக்கொண்டிருக்க வேண்டும், 631ஆம் யுடிபி போர்ட் (நெட்வொர்க் வாசல்) திறந்திருக்க வேண்டும், அப்புறம் தாக்குபவர் அதில் சேர்த்துவிடும் போலி பிரிண்டருக்கு யாராவது ஒரு பிரிண்ட் கொடுக்க வேண்டும். வெப் சர்வரில் யார் உட்கார்ந்து பிரிண்ட் எடுக்கிறார்கள்? 9.9ஐப் போட்டவர்களில் எத்தனை பேர் இதைப் போட்டார்கள் என்று தேடினால் வெறுப்புதான் வரும்.

இத்தனைக்கும் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. உபுண்டு, டெபியன், ரெட் ஹேட் மூன்றுமே ஒவ்வொரு ஓட்டைக்கும் தனிப் பக்கம் வைத்திருக்கின்றன, எந்த வெர்ஷனுக்குப் பாதிப்பு, திருத்தம் வந்துவிட்டதா என்று அட்டவணையே இருக்கும். ஐந்து நிமிஷ வேலை. அதுவும் புரியவில்லை என்றால் மதுரையில் சர்வர் பார்த்துக்கொள்கிற யாரையாவது கூப்பிட்டுக் கேளுங்கள். என்னையே கூப்பிடலாம், காலை 10 மணிக்கு மேல். அதற்கு முன்னால் கப்பலூர் அண்ணன் லைனில் இருப்பார்.