தூக்க மாத்திரை கேட்டு வருகிறவர்கள்

வடசென்னை மணலியில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். வடநாட்டுப் பையன்கள் வந்து தயங்கித் தயங்கி, "தீதி, நீந்த் கா கோலி" என்று கேட்பது இங்கே அடிக்கடி நடக்கும். இல்லை என்று சொல்லிவிடுவேன். அல்பிரசோலம், டயசிபாம் என்கிற தூக்க மாத்திரைகள் எல்லாம் ஷெட்யூல் எச்1 சரக்கு. டாக்டர் சீட்டு வேண்டும். விற்றால் தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். சட்டம் கிடக்கட்டும், ஒரு குவார்ட்டர் அடித்துவிட்டு அதன் மேல் இதையும் போட்டால் மூச்சே அடங்கிப் போகலாம். அப்படிச் சொன்னால், "சளி மாத்திரையாவது கொடுங்க" என்பார்கள். அதைப் போட்டால் தூக்கம் வரும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். வரும்தான். மறுநாள் பிரஸ் மெஷின் முன்னால் நிற்கும்போதும் வரும்.

இப்படிக் கேட்கிறவர்களில் ஒடிசா பையன் ஒருவன், என் வீட்டுக்காரருடைய தாய்மாமா சின்னசேக்காட்டில் வாடகைக்கு விட்டிருக்கும் ரூமில்தான் இருக்கிறான். போன மே மாதம் மாமா வீட்டுக்குப் போனபோது பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தேன்.

பத்துக்குப் பன்னிரண்டு ரூம், மேலே ஆஸ்பெஸ்டாஸ். எட்டுப் பேர், நாலு பாய். ஒருத்தன் எழுந்த பாயில் அடுத்தவன் படுக்கிறான். இருக்கிற ஒரு ஜன்னலையும் கொசுவுக்குப் பயந்து அட்டை வைத்து அடைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே கம்பெனி இல்லை. ஒருத்தன் காலை ஆறுக்குக் கிளம்புவான், ஒருத்தன் குடோனில் லோடு இறக்க நடுராத்திரி போவான். அதனால் எந்நேரமும் யாராவது சமைக்கிறார்கள். படுத்திருக்கிறவன் தலைக்குப் பக்கத்திலேயே சின்ன சிலிண்டரும் குக்கர் விசிலும். நான் போனது மதியம் ரெண்டு மணி. ஃபேன் அனலைத்தான் சுற்றி விட்டுக்கொண்டிருந்தது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்த அந்தப் பையன், ஈரத் துண்டை நெஞ்சில் போட்டுக்கொண்டு கண்ணைத் திறந்தபடி கிடந்தான். உடம்புச் சூடு கொஞ்சம் இறங்கினால்தான் தூக்கம் பிடிக்கும். அங்கே எங்கே இறங்குவது?

வெளிமாநில ஆட்களுக்குத் தகுந்த இருப்பிடம் கொடுப்பது கான்ட்ராக்டர் பொறுப்பு என்று 1979 சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். இங்கே கான்ட்ராக்டர் ரூமைக் காட்டிவிட்டு, தலைக்கு இவ்வளவு என்று வாடகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார்.

சரி, ராத்திரியிலாவது தூங்கலாம் என்றால், துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ஏர் ஹார்ன் அடிப்பதற்கு நேரம் காலம் கிடையாது. வாடை வேறு. 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் தூக்கத்தில் எழுந்து ஓடினார்களே, அதற்கப்புறம் லேசாக நெடி அடித்தாலே இந்த ஊர்க்காரர்கள் நாங்களே எழுந்து உட்கார்ந்துவிடுகிறோம்.

அந்தப் பையனுக்கு ஒரு வாரம் பகல், ஒரு வாரம் நைட், பன்னிரண்டு மணி நேரம். உடம்புக்குள் இருக்கிற கடிகாரம் நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். கொஞ்சம் பழகி வரும்போதே ஷிஃப்ட் மாறிவிடும். எனக்குக் கோபம் வருவது இதில்தான். கூரையை மாற்றக் காசு வேண்டும், ஷிஃப்ட் சார்ட்டை மாற்ற ஒரு பேனா போதும்.

எல்லாப் பழியையும் மற்றவர்கள் மேலேயே போட மாட்டேன். கண் சொக்காமல் இருக்க ராத்திரி முழுக்க வாயில் கைனிப் புகையிலை. விடியற்காலை நாலு மணிக்கு ஸ்ட்ராங் டீ. அதன் காஃபினில் பாதி ஒன்பது மணிக்கும் உடம்பில் இருக்கும். அப்புறம் படுத்துக்கொண்டு செல்போன். அதைத் திட்டலாம் என்று வாயெடுத்தால், வீடியோ காலில் அம்மா. அட்வான்ஸ் கடனில் இன்னும் எவ்வளவு பாக்கி என்றுதான் பேச்சு. நைட் முடிந்து வந்ததும் டீயையும் கைனியையும் விடு, முதலில் தூங்கு, போனை அப்புறம் எடு என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொல்லி அனுப்புகிறேன்.

மாமாவிடமும் சொன்னேன். "கூரைக்கு வெள்ளை அடிச்சு விடுங்க மாமா, சூடு கொஞ்சம் குறையும்."

"ஏம்மா, அவனுங்க ஊர்ல ஏசியிலயா படுத்தானுங்க?"

"ஊர்ல எட்டுப் பேருக்கு நாலு பாய் இல்லையே மாமா."

முறைத்தார். ஆனால் அடுத்த வாரமே ஆளை வைத்து அடித்துவிட்டார். ஜன்னலுக்குக் கொசுவலையும் போட்டாயிற்று. உள்ளே இப்போது மதியத்தில் நிற்க முடிகிறது. இவ்வளவு வசதி செய்து கொடுத்திருக்கிறோமே, தலைக்கு இருநூறு ஏற்றினால் என்ன என்று மாமா இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார்.